கூரை யாருக்கு?

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிற பெற்றோருக்கு நயாகரா கட்டாயப் பாடம். அது முடிந்ததும் மாப்பிள்ளைமார் தங்கள் சொந்த ரசனையில் இறங்குவார்கள். எங்கள் மாப்பிள்ளை சிவில் இன்ஜினியர். எங்களுக்கு வாய்த்தது மரப்பாலம்.

வெர்மான்டின் வின்ட்ஸருக்கும் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷுக்கும் நடுவே, கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866இல் கட்டியது. செலவு 9,000 டாலர். நீளம் ஏறக்குறைய 450 அடி. இரண்டு பக்கமும் பலகை அடைத்து, மேலே கூரையும் போட்டு, யாரோ நெல் குடோனைத் தூக்கி ஆற்றுக்குக் குறுக்கே வைத்த மாதிரி நிற்கிறது.

"மழைக்கு ஒதுங்கக் கட்டியிருக்காங்க, நல்ல மனசு" என்றாள் என் மனைவி.

"நமக்கு இல்ல அத்தை, பாலத்துக்கு" என்று மாப்பிள்ளை காரை ஓரங்கட்டினார். வகுப்பு ஆரம்பம்.

பாலத்தைத் தாங்குவது இரு பக்கமும் பெருக்கல் குறிகளாகக் கோத்த கனத்த மரச்சட்டங்கள். மூட்டுகளில் மழை இறங்கினால் பத்து, இருபது வருஷத்தில் இற்றுவிடும். கூரை போட்டுவிட்டால் நூறு வருஷம் தாண்டும். ஊருக்காக என்று சொல்லிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாலம் அப்படி ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

"சரி, பனியும் உள்ளே வராது" என்று மனைவி சமாதானமானாள்.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் குளிர்காலப் போக்குவரத்து சறுக்கு வண்டியில். வெறும் பலகையில் அது நகராது. அதனால் இந்தப் பக்கத்து ஊர்களில் கூலிக்கு ஆள் வைத்து, வெளியே கிடந்த பனியை அள்ளிவந்து பாலத்துக்குள்ளே பரப்பினார்கள். பனி விழாமல் இருக்கக் கூரை. கூரைக்கு அடியில் பனி போடச் சம்பளம். "நம்ம பஞ்சாயத்து பரவாயில்லைங்க" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

நுழைவாயிலில் பழைய அறிவிப்பு: குதிரைகளை நடத்திச் செல்லவும், தவறினால் 2 டாலர் அபராதம். குதிரைகள் தாளம் தப்பாமல் ஓடினால் பாலம் அதிரும் என்ற பயம். எங்கள் காருக்குக் குதிரைத்திறன் இருநூறு என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னது தப்பாகப் போயிற்று. "நானூறு டாலர்! மெல்லப் போங்க மாப்பிள்ளை" என்றாள் அத்தை.

உள்ளே அரை இருட்டு. பழைய மரத்தின் வாசனை. சக்கரத்துக்கு அடியில் பலகைகள் கடகடக்க, இடுக்குகளில் நுழைந்த வெயில் என் முழங்கையில் கோடு கோடாக ஓடியது. ஆற்றைப் பார்க்க முடியாது. பாலத்தின் மேல் இருக்கும்போது பாலத்தையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் கரைக்கு வந்து நிற்க வேண்டும்.

வெர்மான்டில் ஏறினோம், இரண்டடி உருள்வதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் வந்துவிட்டது என்றார் மாப்பிள்ளை. 1764இல் இங்கிலாந்து மன்னர் மேற்குக் கரையை எல்லையாக்கிவிட்டார். பின்னாளில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1933இல் வெர்மான்ட் பக்கத்துத் தாழ்நீர்க் கோடுதான் எல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆறும் பாலமும் ஏறக்குறைய முழுசாக நியூ ஹாம்ப்ஷயருக்கே. ஜெயித்தார்கள் என்று நான் நினைத்தேன். "அப்போ மராமத்துச் செலவு?" என்றாள் மனைவி. அதுவும் ஜெயித்தவர்கள் தலையில்தான். வெர்மான்ட்காரர்கள் தோற்ற வேறெந்த வழக்கையும் இவ்வளவு ரசித்திருக்க மாட்டார்கள்.

அக்கரையில் இறங்கிப் படம் எடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். முதல் பதில் என் மச்சினரிடமிருந்து: "மாப்பிள்ளை வாங்கின புது வீடா? வாசல்ல கதவு வைக்கலியே?"

மனைவி விடவில்லை. "வீடுதான் அண்ணா. தண்ணிக் கஷ்டம் கிடையாது. என்ன, ஹால்ல லாரி போகும்."

நாற்பத்தைந்து பேர் வாழ்த்து அனுப்பினார்கள். கிரகப்பிரவேசம் எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.