முட்டியை மடக்குங்க, ஆன்ட்டி!

ரோலர் ஸ்கேட் நடன வகுப்பில் சேரப் போகிறேன் என்று அறிவித்ததும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்ம மெடிக்கல் இன்சூரன்ஸ் எப்ப ரெனியூ பண்ணணும்?" என்றார். "சக்கரம் இல்லாமலே நீ வீடு தங்க மாட்டே" என்றார் மாமியார். மகள் மட்டும் பொறுமையாக விசாரித்தாள்: "கிளாஸ் என் காலேஜ் பக்கம் இல்லையேம்மா?"

ஸ்கேட் வாங்கப் போனால், கடைப் பையன் அதைவிட மரியாதையாக, "பாப்பாவுக்கு எத்தனை வயசு மேடம்?" என்றான். "ஐம்பதைத் தொடப்போகுது" என்றேன். சுதாரித்துக்கொண்டு விளக்கினான். ஒரே வரிசையில் சக்கரம் இருந்தால் இன்லைன், வேகத்துக்கு. 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் நம் சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கியது இதில்தான். "எனக்கு அவ்வளவு அவசரமில்லைப்பா" என்றேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் வைத்த குவாடை எடுத்துக் கொடுத்தான். நடனத்துக்கு அதுதான்.

சக்கரத்தின் கெட்டித்தன்மைக்கும் எண் உண்டு. 78ஏ என்றால் மெத்தென்று ரோட்டின் கரடுமுரடைத் தாங்கும். 95ஏ-க்கு மேலே போனால் கெட்டி. வழவழப்பான தரையில் நன்றாகச் சறுக்கும். தேர்ந்த நடனக்காரர்கள் அந்தச் சறுக்கலுக்காகவே கெட்டிச் சக்கரம் தேடுவார்களாம். நான் சறுக்குவதற்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பதால் மெத்தென்றதையே வாங்கிக்கொண்டேன்.

ஹெல்மெட், முட்டிக் கவசம், முழங்கைக் கவசம், மணிக்கட்டுக் கவசம் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி முடிக்கும்போதுதான், தண்ணீர் பாட்டில் ரிங்கின் அந்தக் கோடியில் இருப்பது ஞாபகத்துக்கு வரும்.

என் சக மாணவர்கள் எல்லோரும் பால்பல் விழும் பருவத்தினர். கோச்சுக்கு என் மகள் வயது. முதல் வகுப்பில் நடனமும் இல்லை, ஸ்கேட்டிங்கும் இல்லை. விழுவதற்குப் பயிற்சி! பின்னால் சாயக் கூடாது; குனிந்து, முட்டிக் கவசத்தின் மேல் இறங்க வேண்டும். விரல்களைத் தரையில் பரப்பாமல் மடக்கிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் சக்கரம் ஏற்றிவிடாமலிருக்க. குழந்தைகளுக்கு இது விளையாட்டு. தரைக்கும் அவர்களுக்கும் மூன்றடிதான் தூரம். நான் ஐந்தடிக்கு மேலிருந்து புறப்பட வேண்டியிருந்தது.

அடுத்தது 'லெமன்'. இரு பாதங்களையும் வெளியே விரித்து, மறுபடி உள்ளே சேர்த்து, தரையில் எலுமிச்சை வடிவம் வரைந்தபடியே முன்னேறுவது. என் பாதங்கள் விரிந்தன. விரிந்துகொண்டே போயின. எலுமிச்சை பலாப்பழமாகிக்கொண்டிருந்ததைக் கவனித்த ஒரு வாண்டு, "ஆன்ட்டி, கீழே பார்க்காதீங்க, எதிர்ல பாருங்க" என்றான். உண்மைதான். தலை குனிந்தால் உடம்பும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

கோச் வகுப்பு முழுக்கச் சொல்லும் மந்திரம் ஒன்றுதான்: "முட்டியை மடக்குங்க, ஆன்ட்டி!" சிறுவயதில் என் பரதநாட்டிய டீச்சர் தட்டுக்கழியை ஓங்கி ஓங்கித் தட்டி "அரைமண்டி! அரைமண்டி!" என்று கேட்டதும் இதையேதான். அன்று நான் கொடுக்காமல் டிமிக்கி கொடுத்த அரைமண்டியை இந்தப் பெண் வட்டியோடு வசூலிக்கிறாள். கால் மடங்கினால் உடம்பின் பாரம் கீழே இறங்குகிறது, தரையின் அதிர்ச்சியை முட்டி வாங்கிக்கொள்கிறது. விறைப்பாக நின்றால் பாரம் குதிகாலுக்குப் போய், ஸ்கேட் முன்னால் போக, நாம் பின்னால் போகிறோம். வங்கியில் முதுகு வளையாமல் வேலை பார்த்த பெருமையெல்லாம் இங்கே செல்லுபடியாகவில்லை.

ஆறுதலுக்குச் சரித்திரம் இருக்கிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி நிபுணர், தானே செய்த சக்கரக் காலணியோடு, வயலின் வாசித்தபடி ஒரு மாறுவேட விருந்துக்குள் நுழைந்தாராம். திரும்பவோ நிற்கவோ வழியில்லாததால் 500 பவுண்டுக்கு மேல் விலையுள்ள கண்ணாடியில் மோதினார். கண்ணாடி, வயலின், மெர்லின் மூன்றும் சேதம். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே திரும்பும் குவாடை அமெரிக்காவில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் கொண்டுவந்தது 1863-ல். அது வராவிட்டால் வட்டம் போட்டு ஆடும் பேச்சே இல்லை. 1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் சாப்ளின் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடி விளிம்பில் வழுக்கிச் சுற்றுவாரே, அந்தப் பள்ளம் கண்ணாடியில் தீட்டிய ஓவியம். எங்கள் ரிங்கில் தரை அசல் சிமென்ட்.

ஒருவழியாகப் பாட்டுப் போட்டார்கள். மெதுவான பாட்டு என்றால் சுலபம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு! தாளம் எவ்வளவு மெதுவோ, அவ்வளவு நேரம் ஒற்றைக் காலை நம்பி உருள வேண்டும். துள்ளல் பாட்டில் பயப்படுவதற்குள் கால் மாறிவிடுகிறது. நடனம் என்பது பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாளம் தவறாமல் மாற்றுவதுதான் என்று கோச் சொன்னபோது, தலையை ஆட்டினேன். என் கால்கள் இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. என்றாலும், நாலு தாளத்துக்கு விழாமல் உருண்டு போகும் சுகம் இருக்கிறதே, அதற்காக எவ்வளவு சிராய்ப்பும் தகும்.

ஆகவே, என் வயதொத்தவர்களே, வேறெதை மறந்தாலும் மணிக்கட்டுக் கவசத்தை மறக்காதீர்கள். விழும்போது முதலில் நீள்வது கைதான். பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் தனி பேட்ச் ஆரம்பிப்பதாகக் கோச் சொல்லியிருக்கிறாள். நான் ஒருத்தி தயார். இன்னும் மூன்று பேர் வேண்டும், சீக்கிரம் வாருங்கள்.