புருவம் தூக்கப் போற பேத்திக்கு

ஏ கண்ணு, மெட்ராசுல புருவத்தைத் தூக்கிக் கட்டற டாக்டரைப் பாத்துட்டு வந்தியாமே. உன் பையில இருந்த காகிதத்தை நான் எடுக்கல, அதுவா விழுந்துச்சு. விழுந்ததைப் படிக்காம மடிச்சு வெக்கிற பழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாது.

இன்னும் நாப்பது தொடல, அதுக்குள்ள புருவம் எறங்கிடுச்சுன்னு புலம்பறே. ஏரித்தண்ணி திருப்பியடிக்கிற வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நம்ம குப்பத்துல பாதிப்பேருக்கு நெத்தி கவுந்து கெடக்கு. பழவேற்காட்டுல புருவம் தொங்காததுன்னா, டச்சுக்காரன் கல்லறை வாசல்ல செதுக்கி வெச்ச அந்த ரெண்டு எலும்புக்கூடுதான்.

சரி, பண்ணிக்கறதுன்னா தெரிஞ்சு பண்ணிக்க. மொதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தை வெரலால மெல்ல மேல ஏத்திப் பாரு. முகம் தெளிஞ்சா எறங்கினது புருவம். அப்பவும் இமைத்தோல் மடிஞ்சு கண்ணு மேலயே படுத்துகினு இருந்தா கோளாறு இமையில. அதுக்கு வேற ஆபரேஷன். ஒருபக்க இமை மட்டும் திடீர்னு எறங்கிச்சுன்னா அது அழகு சமாச்சாரமே இல்ல, அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஓடு.

நெத்தியும் வலை மாதிரிதான். மேல்கயித்துல மிதப்பு, அடிக்கயித்துல ஈயம். நெத்தித்தசை மேல தூக்கும், புருவத்துக்கு நடுவுலயும் கண்ணைச் சுத்தியும் இருக்கிற தசைங்க கீழ இழுக்கும். போடாக்ஸ் ஊசி போட்டா ஈயத்தை அவுத்தாப்புல புருவம் கொஞ்சம் மேல வரும். மூணு நாலு மாசத்துல ஈயம் திரும்ப வந்து தொங்கும், நீயும் திரும்பப் பணம் எடுத்துகினு ஓடணும். கை தெரியாதவன் அதே ஊசியை மிதப்புல ஏத்திட்டான்னா, இருந்த புருவமும் முழுகிடும்.

கத்தி வெக்கிறதுன்னா, பழைய வழியில இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் முடிக்குள்ள ஒரே கீறல். இப்போ பெரும்பாலும் மூணோ அஞ்சோ சின்னக் கீறல் போட்டு, கேமராவை உள்ள விட்டு, தோலைப் பிரிச்சு மேல ஏத்தி நிறுத்தறாங்க. அப்படி ஏத்தினா முடியும் கொஞ்சம் பின்னால போவும். அகல நெத்திக்காரங்க யோசிக்கணும். உங்கப்பன் பண்ணிகினா, மிச்சமிருக்கிற முடி முதுகுல போய் உக்காரும்.

அதுக்கப்புறந்தான் கூத்து. கண்ணைச் சுத்தி வீங்கி நீலம் பாஞ்சு, அடங்க ரெண்டு வாரமாவது ஆவும். அதுவரைக்கும் மீன் ஏலத்துப் பக்கம் வந்துடாதே, உன்னை எவன் அடிச்சான்னு ஊர்ப் பஞ்சாயத்தே கூடிடும். தலையை உசரமா வெச்சுப் படுக்கணும். உச்சி மரத்துக் கெடக்கும், உணர்ச்சி திரும்பறப்போ மாசக்கணக்குல அரிக்கும். பேனுன்னு நெனச்சு ஈருளியை எடுத்துடாதே. சில வாரத்துக்கு பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது. ஓகோ, கூடை தூக்காம இருக்கத்தான் இந்த ஏற்பாடோ?

சிலருக்குக் கீறல் போட்ட எடத்துல முடி கொட்டும். நரம்புல பட்டா ஒரு புருவம் ஏறும், ஒண்ணு ஏறாது. ரொம்ப இழுத்துட்டா எந்நேரமும் ஆச்சரியப்பட்ட முகந்தான். வியாபாரி என்ன விலை சொன்னாலும் நீ அசந்துட்டேன்னே நெனைப்பான், நண்டு அடிமாட்டு விலைக்குப் போவும். அழகுக்குன்னு பண்ணா இன்சூரன்ஸ்காரனும் காசு தரமாட்டான்.

புருவத்துக்காகக் கத்தி வெச்சது புதுசு இல்ல கண்ணு. 1946ல வேலூர் சிஎம்சிக்கு பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர் வந்தார். குஷ்டத்துல புருவம் கொட்டினவங்களைப் பாத்தாலே ஊரு ஒதுக்கிச்சு. அவர் தலைத்தோல்ல ஒரு துண்டை ரத்தக்குழாயோட நெத்திக்கு அடியில கொண்டாந்து புருவமா வெச்சார். தலைமுடியாச்சே, வளந்துகினே இருக்கும், அப்பப்போ கத்தரிக்கணும். சிலபேரு மாட்டேன்னு பெருமையா தொங்க விட்டுகினு திரிஞ்சாங்களாம். அவங்க கேட்டது ஞாயம். உன்னை யாரு ஒதுக்கினது, போன் கேமராவா?

போறதுன்னா உங்கம்மாவைத் துணைக்குக் கூட்டிகினு போ. என்னைக் கூப்பிடாதே. என் நெத்தியைப் பாத்தா டாக்டர் ரெண்டுபேருக்கும் சேத்து பில்லு போட்டுடுவார்.