திருடனைப் பிடிக்காமல் பீரோவை மாற்றாதீர்கள்!

கேள்வி: ராத்திரி நன்றாக நிறுத்திய கார், காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. மெக்கானிக் புது பேட்டரி போடச் சொல்கிறார். போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பொறுங்கள்! நகை காணோம் என்றால் புது பீரோவா வாங்குவோம்? பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் திருடன் காருக்குள் இருக்கிறான். கழற்றி வைத்தும் 12.2-க்கு இறங்கியிருந்தால் பேட்டரிதான் கிழடாகிவிட்டது. மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: எலுமிச்சையும் மிளகாயும் கட்டினால் பேட்டரிக்குக் கண்ணேறு படாதா? (மதுரை வாசகர்)

பதில்: எலுமிச்சை சர்பத்துக்கு, மிளகாய் பஜ்ஜிக்கு, பூத்துப்போன டெர்மினலுக்குச் சமையல் சோடா கரைத்த வெந்நீர்.

கேள்வி: திருடன் காருக்குள்தான் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் பிடிப்பது? (சேலம் வாசகி)

பதில்: ஆகா, இதற்காகத்தானே காத்திருந்தேன்! டிரைவர் கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மடக்குங்கள்; கதவு சாத்தியாகிவிட்டது என்று கார் நம்பிவிடும். மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே கோத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும். அரை மணி நேரம் காபி குடியுங்கள். காரின் கம்ப்யூட்டர்கள் உறங்க அவ்வளவு நேரமாகும். அதன்பிறகும் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் திருட்டு நடக்கிறது! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் சடாரென்று விழுகிறதோ, அந்த வீட்டில்தான் ஆள். என் சந்தேகப் பட்டியலில் எப்போதும் முதலிடம், பிறகு வாங்கி மாட்டிய ஸ்டீரியோவுக்கும் டாஷ்கேமுக்கும்தான்.

கேள்வி: டிக்கி விளக்கு ஒன்று பேட்டரியைக் காலி செய்யுமா? (கோவை வாசகர்)

பதில்: 5 வாட் பல்ப், 12 மணி நேரம், 5 ஆம்பியர்-ஹவர், சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35. ஸ்டார்ட் ஆகாமல் போக நாலைந்து ராத்திரி போதும்.

கேள்வி: ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? (நெல்லை வாசகர்)

பதில்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் நிம்மதி.

கேள்வி: அப்பா இறந்தபிறகு அவர் கார் வாசலிலேயே நிற்கிறது. அம்மா வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறார். ஆனாலும் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏன்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பழுது எதுவும் இல்லாவிட்டாலும் கார் சும்மா நிற்கும்போது கொஞ்சம் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால்கூட வாரத்துக்கு 5 ஆம்பியர்-ஹவர். ஐந்து நிமிடத்தில் அது ஈடாகாது. இறங்கிய நிலையிலேயே விட்டால் தட்டுகளில் சல்பேட் இறுகி, பேட்டரி மீளாது. ஓட்ட ஆளில்லாத மாதங்களில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கல்லணை வரை போய்வாருங்கள். அந்தக் காருக்கு வேண்டியது அந்த நீண்ட ஓட்டம்தான்.