கொடுத்தவர் யாருமில்லை

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு, எங்கள் நாலாம் வகுப்பு அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை ஒரு செய்தி போட்டார். "டியர் பேரன்ட்ஸ், சில குழந்தைகளின் தலையில் பேன் காணப்படுகிறது. தயவுசெய்து கவனிக்கவும்." பெயர் போடவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் பெயர் போடாததுதான் வினையாகப் போயிற்று. பத்து நிமிடத்தில் குழுவில் இருந்த அத்தனை அம்மாவும், அந்தச் சிலரில் தன் குழந்தை இல்லை என்று வாக்குமூலம் கொடுத்து முடித்தார்கள். கேட்டது யார்? ஒருவர் வீட்டில் தினமும் தலைக்குக் குளியலாம். இன்னொருவர் வீட்டில் ஏசி அறையில் தூங்குகிறார்களாம். ஏசிக்கும் பேனுக்கும் என்ன பகை என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாமவர், "எங்க வம்சத்திலேயே கிடையாது" என்றார். நானும் சும்மா இருப்பேனா? "எங்க வீட்டிலும் இல்லை, தேங்க்யூ மிஸ்" என்று அனுப்பினேன். அதை டைப் பண்ணும்போது என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள் பரக் பரக்கென்று சொறிந்துகொண்டிருந்தாள்.

பேன் வராமல் தடுப்பது எப்படி என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

என் மகளுக்கு வந்தது பக்கத்து பெஞ்சிலிருந்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து பெஞ்சுக்காரியின் அம்மாவுக்கோ அது வேனிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. வேனில் வரும் எட்டாம் வகுப்பு அக்கா வீட்டில் கேட்டால் பாட்டு கிளாஸைக் காட்டுகிறார்கள். ஒரே பாயில் வரிசையாக நெருக்கியடித்து உட்காரவைத்து ஸரளி வரிசை சொல்லிக்கொடுத்தால் வேறு என்ன வரும், சங்கீதமா வரும்? பாட்டு டீச்சர், தன் வீட்டுப் பாயை வாரம் ஒருமுறை வெயிலில் போடுவதாகச் சொல்லிவிட்டு, மன்னார்குடிக் கல்யாணத்துக்குப் போய்வந்த ஒரு மாணவியின் பெயரை மெல்ல விடுகிறார். அந்த மாணவியின் பாட்டி, மண்டபத்தில் ஒரே ஜமக்காளத்தில் குழந்தைகள் எல்லாம் உருண்டதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் உருண்டதில் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார் என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர். அங்கே குளிர், இதெல்லாம் கிடையாதாம். ரயிலில் ஏறியிருக்கும், மேல் பெர்த்தில் யாரோ படுத்திருந்தார்கள் என்கிறார்கள். யாரோ! கடைசியில் பழியெல்லாம் ஊர் பேர் தெரியாத ஒரு மேல் பெர்த் பயணியின் தலையில் போய் நிற்கிறது. அவரும் இந்நேரம் தன் வீட்டில் உட்கார்ந்து, எதிர் பெர்த்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இதோடு விடலாம் என்றால் மனசு கேட்கவில்லை. இப்படியே மேலே போனால், மனிதனின் பேனும் சிம்பன்சியின் பேனும் ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரே குடும்பமாக இருந்து பிரிந்தவை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நாமும் சிம்பன்சியும் பாகம் பிரித்தபோது அவரவர் பேனை அவரவர் கையோடு கொண்டுபோயிருக்கிறோம். அன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்திருந்தால், சிம்பன்சி அம்மா என்ன போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "எங்க மரத்துல யாருக்கும் இல்ல சிஸ்டர். இறங்கிப் போனாங்களே, அவங்களைக் கேளுங்க."

60 லட்சம் ஆண்டாக வாங்கினவர்கள் மட்டும் இருக்கிறார்கள், கொடுத்தவர் ஒருத்தர்கூட இல்லை. உலகத்தில் வேறெந்தப் பொருளுக்காவது இப்படி ஒரு கணக்கு உண்டா?

பேனைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லிவிடும். அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஆறு கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு நடந்துதான் போக வேண்டும். தலையை விட்டு விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். ஆகவே பாய், ஜமக்காளம், பெர்த் எல்லாம் பெரும்பாலும் நிரபராதிகள். தலையோடு தலை ஒட்டினால்தான் காரியம் நடக்கும். ரகசியம் பேசும்போதும், ஒரே செல்போனுக்குள் இரண்டு பேர் எட்டிப் பார்க்கும்போதும் ஒட்டுகிறதே, அப்படி. தினமும் குளித்த தலை, குளிக்காத தலை என்ற பேதமும் அதற்குக் கிடையாது. வருவது ரத்தம் குடிக்க. ஷாம்பு வாசனை பார்த்தா வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த வம்சப் பெருமைக்காரருக்காக. முதல்முறை பேன் ஏறும் குழந்தைக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை சொறியாது, தூங்கும், சிரிக்கும், பக்கத்துத் தலைகளோடு ஒட்டும். "கிடையாது" என்று அத்தனை பேரும் எழுதிய ராத்திரி எத்தனை தலைகளில் சத்தமில்லாமல் குடித்தனம் நடந்துகொண்டிருந்ததோ! இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பேனுக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பாதே என்கிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் அனுப்பியே ஆக வேண்டும் என்றார்கள். யாரை என்று மட்டும் சொல்லவில்லை.

சொல்லாதவர்கள் வைத்தியத்துக்கு வந்தார்கள். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசு என்று ஒரு ஃபார்வர்டு. அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும்; கண் மருத்துவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மண்ணெண்ணெய் என்று இன்னொன்று. பேனோடு பிள்ளையையும் கொளுத்தவா? என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சமயபுரத்துல மொட்டை போட்டுடேன்" என்றார். வேண்டுதலும் ஆச்சு, வேலையும் மிச்சமாம். அவருக்குத்தான் என்ன, வாரி எடுப்பவள் நான்.

வாருவதைத் தவிர வேறு சுருக்கு வழி இல்லை என்பதுதான் எரிச்சல். தலையை நனைத்து, கண்டிஷனர் தடவி, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பை மண்டையோடு ஒட்டி வைத்து நுனிவரை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். எள்ளுப் போல ஒன்று கால் உதைத்துக்கொண்டு கிடந்தால், அது. மண்டையை ஒட்டி முடியில் பளபளவென்று ஒன்று, ஊதினாலும் போகாமல், தட்டினாலும் போகாமல், நகத்தால் உருவினால்தான் வருகிறது என்றால் ஈர். ஊதினால் போவது பொடுகு. ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு முட்டைவரை வைக்கும், ஒரு வாரம் பத்து நாளில் பொரியும். அதனால் இன்றைக்கு வாரிவிட்டு நாளைக்கு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. மருந்துக் கடை லோஷன் போட்டாலும் இதே கதைதான், ஒரு வாரம் கழித்து மறுபடி.

இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய ஊரில், சுமார் 3,700 ஆண்டுக்கு முந்தைய யானைத் தந்தப் பேன் சீப்பு ஒன்று கிடைத்தது. அதில் கீறியிருந்த 17 கானானிய எழுத்துகளைப் படித்து 2022-ல் வெளியிட்டார்கள். தலையிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் வேரோடு எடுக்கட்டும் என்று வேண்டுதல். அந்த அகரவரிசையில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் முழு வாக்கியமே அதுதானாம். பல்லிடுக்கில் பேனின் மிச்சம்கூட ஒட்டியிருந்ததாம். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

தடுக்கும் வழிக்கு வருகிறேன். சடையை இறுக்கிப் பின்னுவது, சீப்பையும் ரிப்பனையும் தனியாக வைப்பது, வாரம் ஒருமுறை பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இதைவிடப் பெரிய யோசனை ஒன்று, எல்லா வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை... பிறகு சொல்கிறேன். நாலேகால் ஆகிவிட்டது, வேன் ஹாரன் கேட்கிறது. வெயில் இருக்கும்போதே பார்த்தால்தான் உண்டு, டியூப்லைட்டில் ஈர் தெரியாது. பால்கனியில் என் மாமியார் கொண்டையை அவிழ்த்துவிட்டு எனக்கு முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. எப்படியும் அவளுக்குப் பாக்கத்தானே போற, அப்படியே எனக்கும் ரெண்டு இழுப்பு இழு."