குழம்பு வைக்கத் தெரிஞ்ச பாட்டுக்காரன்

ஏலே பேராண்டி, பாட்டு எழுதிப் பாடப்போறேன்னு சொல்லுத. சந்தோசம். பாட்டு எங்கலேன்னு கேட்டா, மைக்கு வரணுங்க, மொகத்துக்கு நேரா எரியுத வட்ட வெளக்கு வரணுங்க, சேனலுக்கு லோகோ வரணுங்க. சரக்கு வாங்காம கடைக்குப் போர்டு எழுதுதவன் மாதிரியில்லா இருக்கு! மொதப் பதினஞ்சு செகண்டுக்குள்ள ஆளப் புடிக்கணுமாம், இல்லன்னா தள்ளிவிட்டுருவானாம். ஏன், பதினாறாவது செகண்டுல அவன் வீட்டுல எழவா விழுந்துருக்கு?

சரி, உக்காரு. ஆஸ்திரேலியாவுல ஒரு பாட்டுக்காரன் இருக்கான். பேரு பால் கெல்லி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுதவன். உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன் போனு அவன உனக்குக் காட்டாது.

1955 ஜனவரி 13, அடிலெய்டு ஊருல பொறந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த டாக்சிக்குள்ளயே பொறந்துட்டான்னு ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, அவன் ஆயுசுல அவசரப்பட்டது அந்த ஒரு தடவைதான். அம்மா வழித் தாத்தா இத்தாலிக்காரரு, ஆபரா பாடுதவரு. பாட்டியும் அவருமா கம்பெனி கட்டி நடத்துனவுக. ரத்தத்துல பாட்டு இருந்துச்சுன்னு வச்சுக்கோ. ஆனா பய பள்ளிக்கூடத்துல ட்ரம்பெட் ஊதுனான், கிரிக்கெட் டீமுக்குக் கேப்டனா இருந்தான். பதிமூணு வயசுல வக்கீல் அப்பா போய்ச் சேந்துட்டாரு. ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்துல சேந்தவன் ஒரு பருவத்தோட வெளிய வந்துட்டான். கண்ணு மின்னுதே உனக்கு! நீயும் காலேஜ விடலாமான்னுதான பாக்க? என்கிட்ட கேக்காத, உங்கப்பன்கிட்ட கேளு. செருப்பு அவன் காலுலதான் கெடக்கு.

பொறவு கெடச்ச வேலையெல்லாம் பாத்தான், ஊரூராத் திரிஞ்சான். 1974ல ஹோபார்ட் ஊருலதான் நாலு பேரு முன்னால மொதல்ல பாடுனான். சொந்தப் பாட்டுக்கூட இல்ல, பழைய நாட்டுப்பாட்டு. 1976ல மெல்போர்ன் வந்தான். 'டாட்ஸ்'னு ஒரு கோஷ்டி சேத்து 1981ல ஒரு ஆல்பம் போட்டான். அடுத்ததுக்கு என்ன செஞ்சாகன்னு நெனைக்க? கடல் தாண்டி பிலிப்பைன்ஸ் தேசத்து மணிலாவுக்கே போயிப் பதிஞ்சாக. பேரும் 'மணிலா'தான். ஊடால எவனோ அடிச்சு இவன் தாடை வேற ஒடஞ்சு, ஆல்பம் வரத் தாமசம். 1982ல வந்துச்சு. ஒண்ணும் தேறல. கோஷ்டியும் கலஞ்சுபோச்சு. பின்னாள்ல அந்த ரெண்டு ஆல்பத்தையும் அவனே கை கழுவிட்டான். இந்தக் காலத்துப் பயக்க மொதத் தும்மலையும் பதிஞ்சு 'என் பயணத்தின் தொடக்கம்'னு போடுதானுவளே, அதுல இவன் சேத்தியில்ல.

இப்பதான் கவனிக்கணும். கையில காசு இல்ல, கோஷ்டி இல்ல, கம்பெனியும் இல்ல. மெல்போர்ன விட்டு சிட்னிக்கு வந்தான். 1985ல கிளைவ் ஷேக்ஸ்பியர்னு ஒரு கிட்டார்காரரோட ஸ்டுடியோவுல ரெண்டே வாரத்துல ஒரு ஆல்பத்த முடிச்சான். ஆன செலவு 3,500 டாலர். பேரு 'போஸ்ட்'. அதுலதான்லே ஆளு மொகம் தெரிஞ்சுது. வெளிநாட்டு ஸ்டுடியோவுல வராதது இங்கன எப்படி வந்துச்சு? சொல்லுததுக்குச் சேதி இருந்துச்சு, அலட்டிக்கிடக் காசு இல்ல. ரெண்டும் சேந்தா பாட்டு தன்னால சுத்தமாகும். உனக்கு ரெண்டும் தலகீழா இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?

ஷேக்ஸ்பியர்னதும் ஞாபகம் வருது. 2016ல இவன் நெசமான ஷேக்ஸ்பியரோட சானட்டுக்கே மெட்டுப் போட்டு ஒரு ஆல்பம் போட்டான். அதே வருசம் சாவு வீடுகள்ல தானும் கூட்டாளி சார்லி ஓவனும் பாடுன பாட்டையெல்லாம் சேத்து இன்னொண்ணு. கேதத்துல பாடுனத யாருலே காசு குடுத்துக் கேப்பான்னு உன்ன மாதிரி ஒருத்தன் சொல்லியிருப்பான். இவன் அவன்கிட்ட யோசனை கேக்கலபோல.

விட்ட எடத்துக்கு வாரேன். 1986ல 'காசிப்'னு ரெட்டைத் தட்டு, 24 பாட்டு. அதுல ரெண்டு மூணு பாட்டு ரேடியோவுல ஓடி ஊரு திரும்பிப் பாத்துது. கோஷ்டிக்கு அப்போ 'கலர்டு கேர்ள்ஸ்'னு பேரு வச்சிருந்தாக. லூ ரீட்ங்கிற அமெரிக்கப் பாட்டுக்காரரோட பாட்டுல இருந்து வெளையாட்டா எடுத்தது. அமெரிக்காவுக்குப் போகணும்னதும், அங்கன இந்தப் பேரு வேற அர்த்தத்துல போய்க் குத்துமேன்னு 'மெசஞ்சர்ஸ்'னு மாத்திக்கிட்டாக. குத்தும்னு தெரிஞ்சா மாத்திட்டுப் போறது. அதுக்கு ஒரு பிரஸ் மீட்டு, ஒரு மன்னிப்பு வீடியோ, கண்ணுல ரெண்டு சொட்டு கிளிசரின்... ஒண்ணும் கெடையாது.

எதப் பத்திப் பாடுனான்னு கேளு. டான் பிராட்மேன் பத்தி ஒரு பாட்டு. ஆமாலே, கிரிக்கெட்டு பிராட்மேன்தான். ஷேன் வார்ன் பத்தியும் ஒண்ணு உண்டு. குடிச்சுக் குடும்பத்தத் தொலச்சவன் திருந்தித் திரும்ப வந்து பெஞ்சாதி வாசல்ல நிக்கிறது ஒரு பாட்டு. இவனே ஹெராயின் பழக்கத்துல ரொம்ப காலம் கெடந்தவன்தான். அத மறைக்கவும் இல்ல, மெடல் மாதிரி மாட்டிக்கிடவும் இல்ல. புத்தகத்துல எழுதி வச்சிட்டு அடுத்த சோலியப் பாக்கப் போயிட்டான்.

ஆர்ச்சி ரோச்சுன்னு ஒருத்தரு. ஆஸ்திரேலியப் பூர்வகுடி. சின்ன வயசுலயே அரசாங்கம் பெத்தவககிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டுபோன பிள்ளைகள்ல ஒருத்தரு. பெரியவனாகி அதையே பாட்டா எழுதிப் பாடுனாரு. வெளிய ரொம்பப் பேருக்கு அவரத் தெரியாது. கெல்லி தன் மெல்போர்ன் கச்சேரிக்கு முன்னால வந்து பாடச் சொன்னான். அவரும் பாடுனாரு. முடிஞ்சுது. கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. ஒரு கைதட்டல் இல்ல. செத்தோம், யாருக்கும் புடிக்கலன்னு நெனச்சு அவரு திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்குப் பொறவுதான் ஒரு கை தட்டுச்சு, பொறவு மழை மாதிரி அரங்கமே தட்டுச்சாம். இந்தக் காலத்துல அந்த அமைதிய யாரு விடுதா? பாட்டு முடியுமுன்ன 'கையத் தூக்குங்க'ன்னு கத்த ஒரு ஆள நிப்பாட்டி வச்சிருக்கியளே!

ஆல்பம் போடலாம் வாங்கன்னு கூப்புட்டப்ப ரோச்சு தயங்குனாரு. அவரு வீட்டம்மா ரூபி ஹன்ட்டர், இது உமக்கு மட்டும் ஆன காரியமான்னு ஒரு போடு போட்டாக. வாயத் தொறக்கல மனுசன். கெல்லியும் அவன் கிட்டார்காரன் ஸ்டீவ் கானலியும் கூட இருந்து தயாரிச்சுக் குடுத்த 'சார்க்கோல் லேன்' 1990ல வந்துச்சு. அடுத்தவன் பாட்டுக்குப் பின்னால நின்னு வேலை பாக்குததுக்கும் ஒரு மனசு வேணும். உன் வீடியோவுல உன் கூட வாசிக்கிற பயலோட தலையப் பாதி வெட்டியிருக்கியே, அதனால சொல்லுதேன்.

கெவ் கார்மடின்னு இன்னொரு பூர்வகுடிப் பாட்டுக்காரரு. ரெண்டு பேரும் ஒரு தடவ வெளிய கூடாரம் போட்டுத் தங்குனப்ப, நெருப்பு பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டு கட்டுனாக. கதை இதுதான். வடக்குப் பிரதேசத்துல வேவ் ஹில்னு ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. மொதலாளி வெஸ்டின்னு பிரிட்டிஷ் பிரபு குடும்பம். மாடு மேய்க்கிறது குரிண்ட்ஜி சனங்க. மண்ணு அவுக முன்னோர் மண்ணு, கூலி மட்டும் அற்பம். 1966 ஆகஸ்டுல வின்சென்ட் லிங்கியாரிங்கிற பெரியவரு எந்திரிச்சு நடந்தாரு. பின்னாலயே எரநூறு பேரு மாதிரி நடந்தாக. கூலிக்குன்னு தொடங்குனது, பொறவு மண்ணக் குடுன்னு நின்னுது. ஒம்பது வருசம்! 1975ல பிரதமர் காஃப் விட்லம் நேர்ல வந்து, ஒரு பிடி மண்ண அள்ளி லிங்கியாரி உள்ளங்கையில கொட்டுனாரு. இந்த ஒம்பது வருசத்தத்தான் பாட்டா கட்டுனாக, 1991ல வெளிய வந்துச்சு. கோஷம் கெடையாது, மார்ல அடிச்சுக்கிடலும் கெடையாது. நடந்தத நடந்தபடி, திண்ணையில கதை சொல்லுத சாடையில சொன்னாக. விட்லம் செத்தப்ப, 2014ல சிட்னி டவுன் ஹால் அஞ்சலியில ரெண்டு பேரும் நின்னு அதத்தான் பாடுனாக.

இப்பக் குழம்புக்கு வாரேன். எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இது.

1996ல தர்ம காரியத்துக்குன்னு ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டாக. கெல்லிகிட்டயும் ஒரு பாட்டு கேட்டாக. இவன் ஒரு பழைய பாட்டப் பாடலாம்னு நெனச்சிருந்தான். அத வேற ஆளு எடுத்தாச்சு. சரி, நாமளே ஒண்ணு எழுதுவோம்னு உக்காந்தான். எழுதி முடிச்சுப் பாத்தா, கோரஸே இல்ல. கதை நடக்கிறது செயிலுக்குள்ள. கிறிஸ்துமஸ் பாட்டுல பனி பெய்யணும், மணி அடிக்கணும். அங்கன டிசம்பர்ல கத்திரி வெயிலுல்லா கொளுத்தும்!

ஜோன்னு ஒருத்தன் செயிலுல இருந்து கூடப்பொறந்த டேனுக்கு லெட்டர் எழுதுதான். தேதி டிசம்பர் 21. இந்த வருசம் பண்டிகைக்கு நான் இல்லியே, கிரேவிய யாரு வைப்பாகன்னு கேக்கான். எப்படி வைக்கணும்னும் சொல்லுதான். மாவு, உப்பு, கொஞ்சம் செவப்பு ஒயின், ருசிக்குத் தக்காளி சாஸு. அந்தப் பக்குவம் கெல்லி தன் மொதல் மாமனாருகிட்டக் கத்துக்கிட்டதாம். மாமனாரு சொன்னத ஒரு மருமகன் காதுல வாங்கினான்கிறதே பெரிய சேதிதான்! பிள்ளைகள விசாரிக்கான், பெஞ்சாதி ரீட்டாவ விசாரிக்கான். டேன் ரீட்டாவோட ஆடுவானேன்னு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சலு வேற. சோத்தப் பத்திப் பேசுன லெட்டர் எங்கன போய் நிக்கி பாத்தியா? நான் நல்லாயில்லன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. குழம்பு யாரு வைப்பான்னு மட்டும்தான் கேட்டான். அதுலயே தெரிஞ்சுபோச்சு.

வந்த புதுசுல அது ஒண்ணும் கொடி கட்டிப் பறக்கல. மெல்ல மெல்ல ஏறுச்சு. இப்ப டிசம்பர் 21ன்னாலே அங்கன 'கிரேவி டே'. சனங்க அன்னைக்குக் கூடி அந்தப் பாட்டக் கேக்காக, பாடுதாக. 2024ல அதச் சினிமாவாவும் எடுத்துட்டாக. பதினஞ்சு செகண்டுல புடிக்கத் தெரியாத பாட்டுலே அது!

2004ல மெல்போர்ன்ல ஒரு காரியம் செஞ்சான். தன் பாட்டுல நூற எடுத்து, இங்கிலீசு அகர வரிசையில அடுக்கி, நாலு ராத்திரியில பாடுனான். எது ஹிட்டு, எதக் கடைசியில வச்சா கூட்டம் ஆடும்னு கணக்கே கெடையாது. எழுத்து என்ன சொல்லுதோ அதுதான் வரிசை. அதுவே பல வருசம் ஊரூராப் போச்சு. 2010ல எட்டு சிடியாவும் ஒரு தடிப் புத்தகமாவும் வந்துச்சு. புத்தகத்துக்குப் பேரு அந்தக் குழம்புப் பாட்டோட பேருதான்.

அது சரி, நம்பர் ஒன் எப்போன்னுதான கேக்கே? எனக்குத் தெரியும், அது தெரியாம உனக்குத் தூக்கம் வராது. 2017, 'லைஃப் இஸ் ஃபைன்'. ஆஸ்திரேலியப் பட்டியல்ல மொதல் மொதலா மொத எடம். அப்போ அவனுக்கு வயசு 62. ஹோபார்ட்ல வாயத் தொறந்து 43 வருசம். அதுக்கு இருவது வருசம் முந்தியே, 1997லயே, பெரிய பாட்டுக்காரக வரிசையில அவன் பேரச் சேத்து மரியாதை பண்ணியாச்சு. பட்டியல்தான் பிந்தி வந்துச்சு, அவன் எங்கயும் காத்துக்கிட்டு நிக்கல. உனக்கு நாப்பது நாளுல நடக்கலன்னா மன உளைச்சலு, டாக்டரு, பெங்களூருக்கு டூரு.

இப்ப எழுபதத் தாண்டியாச்சு. 2024லயும் புது ஆல்பம் போட்டான். நீ கேக்கணும்னா 'போஸ்ட்'ல இருந்து தொடங்கு. பொறவு குழம்புப் பாட்டுக்கு வா, லெட்டர் முடியுத வரைக்கும் போன நோண்டாமக் கேளு. மொதல் ரெண்டு ஆல்பத்தையும் தேடி அலையாத. போட்டவனே வேண்டாம்னு சொல்லிட்டான், உனக்கு என்னத்துக்குலே?