காயத்துக்கும் கணக்கு உண்டு

கேள்வி: 1/48 அளவில் கோர்சேர் போர் விமான மாடல் செய்தேன். பழசாகத் தெரிய வெள்ளிப் பெயின்ட்டைப் புள்ளி புள்ளியாக வைத்தால், அம்மை போட்டதுபோல் இருக்கிறதே?

பதில்: அம்மை உடம்பெங்கும் போடும், தேய்மானம் காலடி பட்ட இடத்தில்தான் அதிகம் வரும். மாடலில் 1 மில்லிமீட்டர் புள்ளி, நிஜத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் காயம்! முதலில் வெள்ளி நிற லாக்கர், மேலே ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் நீலம் அடியுங்கள். காய்ந்ததும், விமானி ஏறி மிதிக்கும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் ஈர பிரஷ்ஷால் மெல்லத் தேயுங்கள். நீலம் உரிந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். 1943-இல் சாலமன் தீவுகளில், கோர்சேரின் காக்பிட்டுக்கு முன்னாலிருந்த பெட்ரோல் டேங்க் கசிந்ததால் மெக்கானிக்குகள் அதன் மேலிருந்த தகடுகளின் மூட்டுகளில் வெள்ளை டேப் ஒட்டினார்கள். அந்த வெள்ளைக் கோடுகளையும் வரையுங்கள். விமானம் பட்ட பாடு தெரிந்தால், வயசு தானே தெரியும்.