முதலில் வேட்டி வெளுக்கட்டும்!

கபிலர் குன்றைத் தென்பெண்ணையோடு சேர்த்துப் படம் எடுத்தேன். வானத்தின் நீலத்தைக் கூட்டினால் ஆறும் சேர்ந்து நீலமாகிறதே?
– வாசகர், திருக்கோவிலூர்

கம்ப்யூட்டருக்கு வானமும் தெரியாது, ஆறும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒவ்வொரு பிக்சலிலும் இருக்கும் மூன்று எண்கள்தான்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. தண்ணீரில் தெரிவதும் வானம்தானே, அதனால் எண்களும் ஏறக்குறைய ஒன்று. 'நீலத்தை எடு' என்றீர்கள், எடுத்துவிட்டது. நிறத்தால் பிரித்த பிறகு கரைக்குக் கீழே இருப்பதை மாஸ்க் போட்டு மறையுங்கள். ஆனால் முழுக்க மறைக்காதீர்கள். வானத்துக்குக் கொடுத்ததில் பாதியை ஆற்றுக்கும் கொடுங்கள். மேலே பளிச்சென்ற நீலமும் கீழே சாம்பலுமாக இருந்தால் கண் நம்பாது.

அரக்குப் பட்டின் நிறத்தை எடுப்பாக்கினால் மணப்பெண்ணின் முகமும் சிவந்துவிடுகிறது. என்ன செய்ய?
– ஸ்டூடியோ வாசகர், மணலூர்ப்பேட்டை

மூன்று எண்களை விட்டுவிட்டு நிறவட்டத்துக்கு வாருங்கள். அதில் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நம் தோல் பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நிற்கும், அரக்கு சிவப்பை ஒட்டி நிற்கும். இரண்டும் பக்கத்து வீடு. அங்கே கோடு கிழிப்பது கஷ்டம், அதனால் நிறத்தின் அடர்த்தியையும் பாருங்கள். பட்டு அடர்ந்த நிறம், தோல் அவ்வளவு அடர்த்தி இல்லை. 'சிவப்பாகவும் இருக்க வேண்டும், அடர்த்தியாகவும் இருக்க வேண்டும்' என்று இரண்டு நிபந்தனை போட்டால் முகம் பெரும்பாலும் தப்பிக்கும். உதட்டையும் குங்குமத்தையும் கையால் விலக்குங்கள்.

புடவையில் ஓர் இடத்தைத் தொட்டு நிறம் எடுத்தால் பாதிப் புடவைதான் பிடிபடுகிறது. ஏன்?
– வாசகி, சங்கராபுரம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு புடவைக்கு ஒரு பிக்சல் பதமாகாது! மடிப்பின் நிழலில் நாலு, வெளிச்சத்தில் நாலு, முந்தானையில் நாலு என்று எடுங்கள். பிறகு சராசரி மட்டும் போதாது, அந்த மாதிரிகள் எந்தப் பக்கம் எவ்வளவு சிதறுகின்றன என்பதும் வேண்டும். ஒரே புடவையில் வெளிச்சம் நிறைய மாறும், நிறம் கொஞ்சம்தான் மாறும். அதனால் வெளிச்ச வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தாமல், நிறம் சற்று விலகினாலும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இப்படிச் சிதறலைக் கணக்கில் எடுத்துத் தூரம் அளக்கும் வழியை 1936இல் தந்தவர் கொல்கத்தாவின் பி.சி.மஹலனோபிஸ். மனிதர்களின் உடல் அளவுகளை வைத்துக் குழுக்களை ஒப்பிடப் போய்க் கண்ட வழி அது. இன்று பிக்சல்களை இனம் பிரிக்கவும் அதே அளவுகோல் பயன்படுகிறது.

தோல் நிறத்தை மட்டும் பிரித்து, பெண்ணைச் சிவப்பாகக் காட்ட வழி சொல்லுங்கள்.
– வாசகர், தியாகதுருகம்

வழி இருக்கிறது, சொல்ல மாட்டேன். என் அக்காவின் கல்யாண ஆல்பத்தில் அப்படிச் செய்து கொடுத்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அக்கா அந்த ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: மஞ்சள் பந்தல் துணிக்குக் கீழே எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் வேட்டியைப் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருக்கும். அந்த வேட்டி வெள்ளையாகும் வரை படம் முழுவதையும் திருத்துங்கள். பந்தல் பூசிய மஞ்சள் போய், பெண்ணின் சொந்த நிறம் திரும்பி வரும். மாநிறத்துக்கு அதைவிட அழகு எதுவும் தேவையில்லை.

கேமராவில் பச்சை மட்டும் நுணுக்கமாக வருவது ஏன்?
– வாசகர், ரிஷிவந்தியம்

பெரும்பாலான கேமராக்களில் ஒளியை வாங்கும் புள்ளிகளில் பாதி பச்சைக்கு. சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால். கோடக்கின் பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு, காப்புரிமை 1976. நம் கண் நுணுக்கம் பார்ப்பதும் பச்சையை ஒட்டித்தான்.

மரவள்ளியில் தேமல் எவ்வளவு என்று செல்போன் படத்திலேயே கணக்கிட முடியுமா?
– வாசகி, கச்சிராயபாளையம்

முடியும். இலையை வெள்ளைத்தாள் மேல் வைத்து நிழலில் எடுங்கள். முதலில் தாளைக் கழியுங்கள். மீதிப் பிக்சல்களைப் பச்சை, மஞ்சள் என்று இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். 10,000 பிக்சலில் 3,000 மஞ்சள் என்றால் இலையில் 30 சதவீதம். ஆனால் சத்துக் குறைவிலும் இலை மஞ்சளாகும். தேமல் என்றால் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து இலை சுருங்கியிருக்கும். எண்ணிக்கை படத்தில் கிடைக்கும், காரணத்தைச் செடியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தேமல் கண்ட செடியிலிருந்து மட்டும் கரணை எடுக்காதீர்கள்.

கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பார்க்கப் போனோம். நேரில் மங்கலாகத் தெரிந்த சிவப்பு படத்தில் விழவே இல்லை.
– ஆசிரியர், அரகண்டநல்லூர்

விழுந்திருக்கிறது, மறைந்திருக்கிறது. பாறைப் படத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். செங்காவிக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கூட்டத்தில் நாலைந்து எண்தான். மூன்றையும் ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்து, அந்தச் சிறு வித்தியாசத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கும் முறை ஒன்று உண்டு. வானிலிருந்து எடுத்த படங்களுக்காக அமெரிக்காவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் வளர்ந்த அதை, ஜான் ஹார்மன் பாறை ஓவியங்களுக்கென்று 'டி-ஸ்ட்ரெச்' என்ற மென்பொருளாக்கினார். அதில் போட்டால் பாறை நீலமாகவும் பச்சையாகவும் விலகும், காவிக்கோடு தீயாக எழும்பும். அந்த நிறங்கள் பொய், கோடு மெய். வெறும் கறை கூட அப்படி எழும்பலாம், ஆகவே மூலப்படத்தை அழிக்காமல் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

உங்கள் மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, சுண்ணக்கட்டியால் கோடு வரையக் கூடாது. திருத்துவதெல்லாம் படத்தில். பாறையில் மிச்சம் இருக்கும் செங்காவிக்கு நகல் கிடையாது.